முள் பார்த்து வாழ்கிறவர்

மனிதர்களில் முள்நம்பிகள் என்று ஓர் இனம் உண்டு. பெயர் நான் வைத்ததுதான், அகராதியில் தேடி அலையாதீர்கள். கடிகாரத்தில், எடை பார்க்கும் கருவியில், காரின் முகப்பில், சுவரில் மாட்டிய வெப்பமானியில், எங்கெல்லாம் ஒரு முள் ஆடுகிறதோ அங்கெல்லாம் இந்த இனத்தவர் ஒருவர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். பசிக்கிறதா என்று கேட்டால் வயிற்றைக் கேட்க மாட்டார், மணியைப் பார்ப்பார். குளிருகிறதா என்று கேட்டால் பற்கள் தந்தியடிக்க, "இருங்க, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போவார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் அவர் தலையிலேயே கொட்டினாலும், "முக்கால் தொட்டின்னுதான் காட்டுது" என்று நனைந்துகொண்டே வாதாடுவார். வாதத்தில் அவர்தான் ஜெயிப்பார். ஏனென்றால் அவரிடம் ஆதாரம் இருக்கிறது, உங்களிடம் ஈரம்தான் இருக்கிறது.

நான் கண்ணாடிக்கடைக்காரன். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, "தெரியுதா?" என்று கேட்டுப் பிழைப்பவன். பத்துப் பேரில் ஒருவர் இந்தக் கேள்விக்கு என்ன செய்வார் தெரியுமா? பலகையைப் பார்க்க மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியுதாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். ஆகவே முள்நம்பிகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம். ஆனால் அந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் நான் கடையைத் திறக்க வேண்டியதே இல்லை. அக்கா வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், பல் மருத்துவர். கெட்டிக்காரர், கைராசிக்காரர், பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் நோயாளிக்கே விஷயம் தெரியும். அப்படிப்பட்டவர் ஐம்பதாவது வயதில் ஒரு நாள், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். சொந்தபந்தமெல்லாம் சிரித்தோம். ஊருக்கு வெளியே இருந்த பறப்புக் கிளப்பில் போய்ச் சேர்ந்து, ஒரே வருஷத்தில், வெயில் அடிக்கும் நாட்களில் சின்ன நாலு சீட்டு விமானம் ஓட்டுவதற்கு உரிமம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். அவரும் அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலை மேகம் ஒன்று குறுக்கே வந்தது. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இருந்தார். அத்தானைவிட இருபது வயது இளைய பெண், எதற்கும் குரலை உயர்த்தாதவர், கிளப்பில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"நேராத்தானே போறோம், டாக்டர்?" என்று கேட்டார் கேப்டன்.

"நேராத்தான் போறோம்" என்றார் அத்தான், ரொம்ப நம்பிக்கையாக.

மேகத்தை விட்டு வெளியே வந்தபோது ஓர் இறக்கை தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அத்தானின் வயிறு மட்டும் அப்போதும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதில் அவமானம் ஒன்றுமில்லை, அது யாருக்கும் நடக்கும். வெளியே எதுவும் தெரியாதபோது காதுக்குள் இருக்கிற சமநிலை ஏமாந்துவிடுமாம், உடம்பு வாய் கூசாமல் பொய் சொல்லுமாம். கேப்டன் விமானத்தை நிமிர்த்திவிட்டு அமைதியாக ஒரு வார்த்தை சொன்னார்:

"உடம்பு சொல்றதை நம்பாதீங்க, டாக்டர். முள்ளை நம்புங்க."

மேகத்துக்குள் இருக்கிறவனுக்குச் சொன்ன வார்த்தை அது. அத்தான் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

முதலில் பலியானவர் ஒரு தபால்காரர். பின் கடைவாயில் உயிர் போகிற வலி என்று தாடையைப் பிடித்தபடி வந்தவரிடம் அத்தான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வலிக்கலை" என்றார்.

"வலிக்குதே, டாக்டர்!"

"உடம்பு அப்படித்தான் சொல்லும். நம்பாதீங்க."

தபால்காரர் அடுத்த தெருவில் இருந்த இன்னொரு பல் மருத்துவரிடம் போய், தன் உடம்பை நம்பி, பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆறு மாதம் அத்தான் வீட்டுக்கு வரவேண்டிய தபால் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது அக்கா. கருவிகளைப் பார்த்துப் பறப்பதில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரே முள்ளை வெறித்துக்கொண்டிருக்கக் கூடாது, அது பழுதாகியிருக்கலாம். எதிரே இருக்கும் ஆறு முள் வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்று சொல்வதை இன்னொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல விதிதான். அதை வைத்துக்கொண்டு மனைவியின் கோபத்தை அளக்க முடியுமா? அத்தான் அளந்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்காதீர்கள். முகம் பார்ப்பது என்பது ஜன்னல் வழியே வெளியே பார்ப்பது, அது தொடக்கநிலை மாணவர்கள் செய்வது. அவர் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கவனிப்பார், அலமாரிக் கதவு சாத்துகிற வேகத்தைக் கவனிப்பார், "ஏங்க" என்ற சொல் எவ்வளவு நீளமாக வருகிறது என்பதைக் கைக்கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார். ஒரு நாள் நான் போயிருந்தபோது என் காதோடு சொன்னார்: "மூணு கருவியும் ஒரே மாதிரி சொல்லுது, மச்சான். கோபமாத்தான் இருக்கா." அப்போது அக்கா கையில் கரண்டியோடு அவருக்கு நேர் எதிரே ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"மச்சான், எனக்கு ஒரு கண்ணாடி வேணும்."

"தூரப் பார்வைக்கா, கிட்டப் பார்வைக்கா, அத்தான்?"

"பார்வையே கூடாது."

தொழிலில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அழகு தெரிய வேண்டும் என்று வருகிறவர்கள், படிப்பு தெரிய வேண்டும் என்று வருகிறவர்கள், மாமியார் கண்ணாடியைத் தனக்கு மாற்றித் தரச் சொல்கிறவர்கள். ஒன்றுமே தெரியக் கூடாது என்று கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். பிறகு விளக்கினார். மேல் பாதி முழுக்க மங்கலாக இருக்க வேண்டுமாம், கீழே மட்டும் தீப்பெட்டி அளவுக்குத் தெளிவு. அதை மாட்டிக்கொண்டு விமானத்தில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே வானம், பூமி எதுவும் தெரியாது, எதிரே இருக்கிற முள்கள் மட்டும் தெரியும். மேகம் இல்லாத நாளிலும் மேகத்துக்குள் இருக்கிற மாதிரியே பழகலாம். அப்படிப் பழகும்போது பக்கத்தில் கண் தெரிகிற ஒருவர் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது சட்டம். மேல் பாதியை நானே உட்கார்ந்து தேய்த்து மங்கலாக்கிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்வையைக் கெடுத்துக் கொடுத்த கண்ணாடி அது ஒன்றுதான், நன்றாகவே வந்திருந்தது.

அந்தக் கண்ணாடியோடு போய்க் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதியையும் வாங்கிவிட்டார். ஆனால் இந்தத் தகுதி கல்யாணப் பத்திரம் மாதிரி ஒரு முறை வாங்கி பீரோவில் வைத்துவிடுகிற சமாச்சாரம் அல்ல. கை பழகிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் விட்டால் துருப்பிடித்துவிடும், அதற்காகக் குறித்த காலத்தில் மறுபடி ஒரு தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வாரம் ஆறு நாளும் பல்லைப் பார்க்கிற மனிதர் விமானத்துக்கு எங்கே போவார்? ஆகவே வீட்டிலேயே பறக்க ஆரம்பித்தார்.

எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மங்கல் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். இடது உள்ளங்கையில் திசைகாட்டி, வலது கையில் நேரம் பார்க்கிற கடிகாரம். கூடத்திலிருந்து கிளம்பி மேற்குத் திசையில் சமையலறை வரை முப்பது விநாடி, வலப்பக்கம் திரும்பினால் குளியலறை வாசலில் நாற்பது விநாடி, மறுபடி திரும்பிப் படுக்கையறையை ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் நீண்ட நடைவழியில் நேராகச் சாப்பாட்டு மேஜையை நோக்கி வருவார். மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிதான் ஓடுபாதை. இறங்குகிறார் என்பதைக் காட்ட முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டே வருவார். ஆயிரம் அடியில் லேசான கூனல், ஐந்நூறு அடியில் நல்ல கூனல், இருநூறு அடி வரும்போது பாதி உட்கார்ந்த நிலையில், இரண்டு தொடையும் நடுங்க, அப்படியே நிற்பார்.

இந்த இருநூறு அடிதான் முக்கியம். மேகத்துக்குள்ளிருந்து முள்ளைப் பார்த்தே இறங்கி வருகிறவர், அந்த உயரத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஓடுபாதை தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் ஒரு நொடி கூட யோசிக்காமல் மேலே ஏறி, சுற்றி வந்து, மறுபடி முயல வேண்டும். அவர்கள் பாஷையில் இதற்குக் கோ-அரௌண்ட் என்று பெயர். வீட்டில் அத்தானுக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க மனம் வராது. சட்டப்படி பக்கத்தில் கண் தெரிகிற ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் சாயங்காலம் ஒரு கட்டு விடைத்தாள் அவள் முன்னால் இருக்கும்.

"ஓடுபாதை தெரியுதா?" என்று பாதி உட்கார்ந்தபடி கேட்பார் அத்தான்.

"தெரியல" என்பாள் அக்கா, தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"கோ-அரௌண்ட்!" என்று கத்திக்கொண்டு எழுந்து, இரண்டு கையையும் விரித்து, மறுபடி சமையலறைப் பக்கம் போய்விடுவார். கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து என்ன சத்தம் என்று விசாரித்தார். "விமானம்" என்று உள்ளதைச் சொன்னாள் அக்கா. அவர் மூன்றாவது முறை வரவில்லை.

ஒரு நாள் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே சாயங்காலத்தில் பதினான்கு முறை வந்தார், பதினான்கு முறையும் தெரியல. எனக்கே பாவமாகிவிட்டது. அவர் படுக்கையறைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு தடவையாவது தெரியுதுன்னு சொல்லக் கூடாதாக்கா? மனுஷன் காலு நடுங்குது."

அக்கா சிவப்பு மையால் ஒரு தப்பைச் சுழித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெரியுதுன்னா உக்காந்துருவாருடா. உக்காந்தா பேசுவாரு. எப்படி இறங்கினேன், காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சுன்னு ஒரு மணி நேரம் சொல்லுவாரு. தெரியலன்னா ஒரு சுத்துக்கு ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்துல ரெண்டு பேப்பர் திருத்திருவேன்."

கணக்கு டீச்சர், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. கூடத்தில் விமானம் ஏறியபடியே இருந்தது, ஒரு நாளும் இறங்கவில்லை. பழக்கம் வெளியேயும் பரவியது. கார் நிறுத்துமிடத்தில் மூன்றாவது தூணுக்குள் காலி இடம் கண்ணில் படாவிட்டால் அத்தான் தயங்காமல் வெளியேறி, தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவார். முடிதிருத்தும் கடையில் இரண்டு பேர் காத்திருந்தால் கோ-அரௌண்ட். இப்படிச் சுற்றிச் சுற்றியே அந்த வருஷம் அவருக்கு முடி தோள் வரை வளர்ந்துவிட்டது.

கடைசியில் தகுதியைப் புதுப்பிக்கும் தேர்வு வந்தது. தேறினால் அத்தான் வானத்தில் பறக்கலாம். தவறினால் முதலிலிருந்து நாற்பது மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். வானத்தில் நாற்பது மணி நேரம் என்றால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எத்தனை மணி நேரம்? அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

"இந்தத் தடவை தேறலைன்னா நான் உன் கடையில வந்து குடியிருந்துக்கிறேன்டா" என்றாள்.

என் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. தேர்வு நாளன்று கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அக்காவோடு கிளப்புக்குப் போனேன்.

தேர்வாளர் பேசாத மனிதர். கையில் கட்டைப் பென்சில், அதை மட்டும் அவ்வப்போது நாக்கில் தொட்டுக்கொள்வார். அத்தானும் அவரும் ஏறிப் போனார்கள். கிளப் அறையில் மேஜை மேல் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது, அத்தான் பேசுவதும் கட்டுப்பாட்டு அறை பதில் சொல்வதும் அதில் கேட்டது. அறைக்கு ஜன்னல் கிடையாது. விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே தாழ்வாரத்துக்கு வர வேண்டும். நானும் அக்காவும் கேப்டனும் தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் எல்லாம் கனகச்சிதம். "முள்ளு ஆடவே இல்லை போலிருக்கு, குரலைக் கேட்டாலே தெரியுது" என்று கேப்டனே பாராட்டினார். கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. மங்கல் கண்ணாடியோடு இறங்கி வர வேண்டும், இருநூறு அடியில் தேர்வாளர் கழற்றச் சொல்வார், எதிரே தெரிகிற ஓடுபாதையில் இறக்க வேண்டும். அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, பத்து மைல் தூரத்தில் மேய்கிற மாட்டின் நிறத்தைச் சொல்லலாம்.

விமானம் வந்தது. கோடு போட்ட மாதிரி வந்தது. இருநூறு அடியில், ஓடுபாதை வாசலில், ஒரு கணம் தயங்கியது. பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.

"கோ-அரௌண்ட்" என்றது வானொலியில் அத்தானின் குரல்.

கேப்டன் புருவத்தை உயர்த்தினார். இரண்டாம் முறை வந்தது. அதே அழகு, அதே தயக்கம், அதே உறுமல்.

"இவ்வளவு நல்லா வர்றாரு. எதிர்ல ஓடுபாதை பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. ஏன் போறாரு?" என்றார் கேப்டன். அதுவரை குரலை உயர்த்தாத பெண் அப்போது உயர்த்தினார். வானொலியில் தேர்வாளரின் குரல் முதல் முறையாகக் கேட்டது. "இன்னும் ஒரு தடவை பாக்கலாம், டாக்டர். அதான் கடைசி."

அக்காவின் முகம் வெளுத்துப் போய்விட்டது. என் கையைப் பிடித்தாள்.

"டேய், நான் சொல்லணும்டா."

"எதைக்கா?"

"தெரியுதுன்னு. ஒன்றரை வருஷமா நான் ஒரு தடவை கூட சொன்னதில்லையே. அந்த மனுஷன் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு!"

அறைக்குள் ஓடினாள், பின்னாலேயே நாங்களும். வானொலியின் ஒலிவாங்கியை எடுக்கப் போனவளைக் கேப்டன் தடுத்தார். "மேடம், வெளியாள் இதுல பேசக் கூடாது."

"வெளியாளா? ஒன்றரை வருஷமா அந்த விமானம் என் வீட்டுக் கூடத்துலதான் பறக்குது!"

கேப்டன் ஒரு விநாடி யோசித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டுப்பாட்டு அறையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டினார்.

"ஏங்க, நான்தான். தெரியுதுங்க."

பெட்டி கரகரத்தது.

"நிச்சயமாத் தெரியுதா?" என்றார் அத்தான்.

"நல்லாத் தெரியுது. விளக்கு தெரியுது, கோடு தெரியுது, எல்லாம் தெரியுது. உக்காருங்க."

"சரி, உக்கார்றேன்."

நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். சக்கரம் தரையில் பட்டது கூடத் தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று இறங்கியிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் அறைக்குள், ஒலிவாங்கியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். சுவரில் ஒரு தீயணைக்கும் கருவி தொங்கியது. அதைப் பார்த்துத்தான் அத்தனையும் சொல்லியிருக்கிறாள்.

தேர்வாளர் இறங்கி வந்து ரொம்ப நேரம் பென்சிலை நாக்கில் தொட்டார்.

"கருவியில நூத்துக்கு நூறு. இருபது வருஷத்துல முள்ளு இப்படி நின்னு நான் பாத்ததில்லை. ஆனா கண்ணாடியைக் கழட்டினதும் எதிர்ல ஓடுபாதை இருந்துச்சே, டாக்டர்?"

"இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார் அத்தான். "ஆனா கண்ணு சொல்றதை மட்டும் வச்சுக்கிட்டு எப்படி முடிவெடுக்கிறது?"

தேர்வாளர் தவித்த தவிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தவறியவர் என்று எழுதினால் முள் ஒத்துக்கொள்ளாது, தேறியவர் என்று எழுதினால் மனசு ஒத்துக்கொள்ளாது. பார்வை குறைந்தவர்களுக்கு உரிமத்தில் ஒரு வரி எழுதுவார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஓட்டும்போது கண்ணாடி அணிந்திருக்க வேண்டும் என்று. தேர்வாளர் அதே இடத்தில், அதே வேகத்தில், கட்டைப் பென்சிலால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். "இறங்கும்போது மனைவி உடன் இருக்க வேண்டும்."

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கூடம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு நிஜமாகவே மேகம். அத்தான் இடப்பக்கம், அக்கா வலப்பக்கம், அக்காவின் மடியில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள். அவள் தாள்கட்டை அவிழ்க்கும்போதே எனக்குச் சந்தேகம்தான். மேகத்துக்குள் போனதும் விமானம் குலுங்கியது, நேராகப் போகிறோமா சாய்ந்து போகிறோமா என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆயிரம் அடி, ஐந்நூறு அடி என்று அத்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். இருநூறு அடி வந்தது. முள்ளிலிருந்து தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தி எங்கே பார்த்தார் என்கிறீர்கள்? அக்காவைப் பார்த்தார்.

"ஓடுபாதை தெரியுதா?"

"தெரியுது" என்றாள் அக்கா. தாளிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. ஏழாவது கணக்குக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியல அத்தான்! எனக்கு ஒண்ணுமே தெரியல! ஒரே இருட்டா இருக்கு!" என்று பின்னாலிருந்து அலறினேன்.

சக்கரம் மெத்தென்று தரையைத் தொட்டது. விமானம் ஓடி, நின்றது.

"கண்ணைத் திறடா" என்றாள் அக்கா.

திறந்தேன். ஓடுபாதையின் நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தோம். பார்வையை விற்றுப் பிழைக்கிறவன் எப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆக, விமானத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் மனைவியைப் பார்த்தார், ஒருத்தி விடைத்தாளைப் பார்த்தாள், ஒருவன் எதையுமே பார்க்கவில்லை. விமானம் மட்டும் சரியான இடத்தில் இறங்கியிருந்தது. "பாத்தியா மச்சான், கண்ணை நம்பக் கூடாதுன்னு நான் சொல்லலை?" என்றார் அத்தான். மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக என் கண்ணையே ஒரு முறை சோதித்துக்கொண்டேன். சோதித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று எதிர்க்கடைக்காரரைக் கேட்டேன்.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் இன்று காலை எழுந்ததும் நன்றாகத் தூங்கினோமா என்று எதைக் கேட்டீர்கள்? உங்கள் உடம்பையா, மணிக்கட்டில் கட்டியிருப்பதையா? மழை வருமா என்று பார்க்க ஜன்னலைத் திறந்தீர்களா, கைப்பேசியைத் திறந்தீர்களா? புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற பிறகும், வீட்டில் இருக்கிற யாரோ ஒருவர் தலையை எடுக்காமலே "நல்லா இருக்கு" என்று சொல்லும் வரை வாசலில் காத்திருந்தீர்களே, அது யார்? எனக்கென்ன வந்தது, நான் கேட்கவில்லை. ஆனால் என்றைக்காவது என் கடைக்கு நீங்கள் வராமலா போய்விடுவீர்கள்? நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் முதல் வரிசையைக் காட்டி, "தெரியுதா?" என்று கேட்பேன். பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்கிறேன். என் முகத்தில் எழுத்து ஒன்றும் எழுதியிருக்காது.